டீ வருவதற்குள்

என் பட்டறையில் ஒரு பைக்குத் தோல் வெட்டினால், கைப்பிடி, ஜிப், உள்துணி, பக்கத் துண்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு நாடாவைச் சுற்றித்தான் தையலுக்கு அனுப்புவேன். பைக்கு உண்டானது பைக்கட்டில், பெல்ட்டுக்கு உண்டானது பெல்ட் கட்டில். இதில் பெருமை ஒன்றுமில்லை, தாராவியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு பொருள் இடம் மாறிக் கிடந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட என் கையில்தான் கிட்டு சாரின் புத்தகம் வந்து மாட்டியது.

கிட்டு சார் மாட்டுங்காக்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் அந்தப் புத்தகத்தை வைத்துக் கொண்டுவந்தார். காலேஜில் படிக்கும்போது கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் வாங்கினாராம். வாங்கும்போதே அட்டை இல்லை, முதல் பக்கமும் இல்லை, அதனால் அதற்குப் பெயரும் இல்லை. இப்போது முதுகும் விட்டுப்போய்த் தாள் தாளாகத் தொங்கியது. பைண்டிங் கடையில் ஓரத்தை வெட்டித்தான் தைப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். வெட்டினால் சில பக்கங்களில் கடைசிச் சொல் போய்விடும், தோல் வேலை செய்கிறவர்கள் வெட்டாமல் தைப்பார்கள் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். நான் பை தைக்கிறவள், புத்தகம் தைக்கிறவள் இல்லை என்றேன். மனுஷர் அதை மறுபடியும் முதல் பைக்குள் போட்டு, அந்தப் பையை இரண்டாவது பைக்குள் போட ஆரம்பித்தார். அவர் போட்ட விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது, வாங்கி வைத்துக்கொண்டேன்.

தைக்கும்போது பக்கம் மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தாளாகப் படித்தேன். இங்கிலீஷ் புத்தகம், நான் பிறப்பதற்கு முன்னால் எங்கோ அச்சானது. ஓர் ஆட்டத்துக்கான விதிப் புத்தகம் அது. பேசியே ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போவார்கள், ஒருத்தி கத்திச் சண்டைக்காரி, ஒருவன் கோடரிக்காரன், இப்படி. எங்கே போவது, யாரை நம்புவது, எப்போது ஓடுவது என்பதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைப் பகடையும் புத்தகமும் முடிவு செய்யும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

விதிகளும் நல்ல விதிகள்தான். வைத்திருந்த இடம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. தண்ணீரில் மூழ்குவதைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மழையும் காற்றும் என்ற அத்தியாயத்துக்குப் போக வேண்டும். இருட்டில் எவ்வளவு தூரம் கண் தெரியும் என்பது விலைப்பட்டியலில், மெழுகுவர்த்தியின் விலைக்குப் பக்கத்தில் இருந்தது. குதிரையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் புத்தகம் எழுதினவன் சத்திரத்துச் சாப்பாட்டுக்குக் கீழே வைத்திருந்தான். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு ‘பலவகை’, ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘மேலும் பலவகை’. ஓரிடத்தில் ‘கீழே காண்க’ என்று போட்டிருந்தது, கீழே பக்க எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. பாத்திரம் எப்படிச் சாகும் என்பது முன்னால் வந்துவிட்டது, பாத்திரத்தை எப்படி உண்டாக்குவது என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் ஒரு பட்டியலாவது போட்டானா என்றால் அதுவும் இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

புத்தகத்தை வாங்கிப்போக வந்த கிட்டு சாரிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். என்னிடம் விட்டால் பக்கங்களை நறுக்கி, தண்ணீர் சங்கதியெல்லாம் ஒரு கட்டு, சாவு சங்கதியெல்லாம் ஒரு கட்டு என்று ஒழுங்காகத் தைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் அவசரமாகப் புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

“அவன் ஆபீஸ்ல உக்காந்து எழுதலை ரஷீதா. ஞாயித்துக்கிழமைகள்ல எழுதியிருக்கான். சிநேகிதாளோட ஆடறச்சே யாருக்கு எங்க என்ன ஆச்சோ, அங்கயே விதியையும் எழுதிட்டான். குதிரையிலேர்ந்து விழுந்தவன் சத்திரத்து வாசல்ல விழுந்திருப்பான்.”

இது சமாளிப்பு என்றேன். ஒருநாள் ஆடிப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கோ என்றார். திட்டுவதற்காகத்தான் ஆட ஆரம்பித்தேன், அல்லா சாட்சி. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விட்டதில்லை.

ஆட்டம் என் பட்டறை மாடியில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கு லீவு, தோல் வெட்டுகிற பெரிய மேஜை காலியாக இருக்கும். நாங்கள் நான்கு பேர். கிட்டு சார் கதையை நடத்துகிறவர். நாகராஜ் செம்பூர்க்காரன், டிராம்பே பக்கம் எண்ணெய் கம்பெனியில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். கிட்டு சாரிடம் பாலிசி போடப் போய் இங்கே வந்து சேர்ந்தவன். வாழ்க்கையில் பாதியைப் பஸ்ஸில் கழிப்பதால் அவன் கோடரிக்காரனுக்கு டபுள்டெக்கர் என்று பெயர் வைத்திருந்தான், கிட்டு சாரையும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவான். எனக்குப் பூட்டுத் திறக்கிற ஒரு கிழவன் பாத்திரம்.

நான்காவது ஆள் ஷாலினி. என் பின்சந்துப் பெண், இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பையின் ஜிப்பை மாற்ற மாடியேறி வந்தவள், பகடை உருளுவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பாத்திரம் கத்திச் சண்டைக்காரி, பெயர் சண்முகவடிவு. அது அவள் சந்தில் பொதுக் குழாயடியில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஓர் அம்மாளின் பெயர். அந்தப் பெயரை வைத்தால் தோற்கவே முடியாது என்றாள். உண்மையாகவே நான்கு வருஷம் தோற்கவில்லை. சண்முகவடிவு முதலாம் படியிலிருந்து ஒன்பதாம் படிக்கு ஏறினாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிக் காப்பாற்றியவளும் அவள்தான். ஷாலினி எனக்குத் தங்கை மாதிரி என்று சொல்லமாட்டேன், எனக்குத் தங்கைகள் இருக்கிறார்கள், அவர்களோடு இவ்வளவு பேசுவதில்லை.

இனி டீ விஷயத்துக்கு வருகிறேன். ஆட ஆரம்பித்த புதிதில், ஒரு கழுதை எத்தனை மூட்டை சுமக்கும் என்று எனக்கும் நாகராஜுக்கும் சண்டை வந்தது. விதி இருக்கிறது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தோம், எங்கே என்றுதான் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தேடினோம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், எங்கள் ஆட்டமே குட்டிச்சுவராகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கிட்டு சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். விதி உண்டு என்று யார் சொல்கிறார்களோ அவர்களே புத்தகத்தில் எடுத்துக் காட்ட வேண்டும், அதுவும் டீ வருவதற்குள். டீ வந்துவிட்டால் கிட்டு சார் சொன்னதுதான் தீர்ப்பு. விதி எங்கே என்று தெரிந்தாலும் நடத்துகிறவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

டீ சந்து முனையில் கடை வைத்திருக்கிற மாரிசெல்வம் கொண்டுவருவது. நாலரை மணிக்கு அவன் கெட்டிலோடு படியேறுவான். மழை பெய்தாலும், சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் நாலரைதான். அந்த நாலரைக்கு நாங்கள் பலிகொடுத்த விதிகள் ஏராளம். கிட்டு சாரோ இம்மி அளவும் இரங்காதவர். எங்கள் பகடைக்கு இருபது முகம், மேஜையிலிருந்து உருண்டு மெஷினுக்கு அடியில் போனது இருபதையே காட்டினாலும் செல்லாது. அவருடைய சொந்த மச்சினர் ஒருநாள் ஆட வந்தார், வந்த அன்றே அவர் பாத்திரம் பாம்பு கடித்துச் செத்தது. மச்சினர் கோபித்துக்கொண்டு போனார், கிட்டு சார் அடுத்த அறைக்குக் கதையை நகர்த்தினார்.

ஷாலினிக்குத் துபாயில் வேலை கிடைத்தது போன மாதம். அங்கேயும் ஆஸ்பத்திரி லேப்தான், நல்ல சம்பளம், வியாழக்கிழமை ஃபிளைட். அவள் அம்மா சந்து முழுக்க லட்டு கொடுத்தாள், நானும் இரண்டு தின்றேன், மாடிக்கு வந்து தனியாக அழுதேன். பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். துபாயிலும் ஞாயிற்றுக்கிழமை லீவுதான். போனை மேஜையில் நிறுத்தி வைப்போம், சண்முகவடிவு அங்கிருந்தே ஆடுவாள். அது முடிவானதும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அவள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கதையில் மலைக்கு அடியில் இருக்கும் கறுப்பு ஏரியைப் படகில் கடந்துகொண்டிருந்தோம். நடு ஏரியில் ஒரு பெரிய நீர்ப்பாம்பு படகைக் கவிழ்த்தது. என் கிழவன் எப்படியோ கவிழ்ந்த படகில் தொற்றிக்கொண்டான். டபுள்டெக்கருக்கு நீச்சல் தெரியாது, அவன் கீழே போனான். சண்முகவடிவு போட்டிருந்த இரும்புச் சட்டையைக் கழற்றக்கூட நிற்காமல் பின்னாலேயே பாய்ந்து, அவனைத் தூக்கிப் படகின்மேல் தள்ளினாள். நாகராஜ் எழுந்து நின்று சலாம் போட்டான். அதன் பிறகு அவள் மேலே வர வேண்டும். முதல் முறை பகடை போட்டாள், போதவில்லை. இரண்டாம் முறை போதவில்லை. மூன்றாம் முறை பகடை சுற்றிச் சுற்றி, மூன்றைக் காட்டி நின்றது.

கிட்டு சார் மழையும் காற்றும் அத்தியாயத்தைத் திறந்து, இரும்பு அணிந்தவர் ஆழத்தில் மூன்று முறை தவறினால் முடிந்தது என்ற வரியை வாசித்தார். வாசிக்கும்போது யாரையும் பார்க்கவில்லை. சண்முகவடிவு போயிட்டா என்று மெதுவாகச் சொன்னார்.

வேறு யாராவது என்றால் புதிய பாத்திரம் உண்டாக்கிக்கொண்டு முதலாம் படியிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்களோடு மோதுகிற ஒன்பதாம் படிப் பூதங்கள் ஊதினாலே முதலாம் படிக்காரி பறந்துவிடுவாள். அதை வைத்துக்கொண்டு, கடல் தாண்டிப் போனில் உட்கார்ந்து, நாங்கள் செய்வதை வேடிக்கை பார்க்க வேண்டும். ஷாலினி பென்சிலை மேஜையில் வைத்தாள், வைத்த பென்சிலை நேராக்கினாள்.

“சோட் தோக்கா, விட்டுருங்க. நாலு வருஷம் நல்லாத்தான் போச்சு. இனிமே புதுசா ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க மூணு பேரும் ஆடுங்க, நான் எப்பவாச்சும் போன் பண்ணுதேன்.”

எப்பவாச்சும் போன் பண்ணுகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் பெருநாளைக்கு, அப்புறம் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ. சண்முகவடிவு இருந்தால்தான் ஷாலினி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவாள், இல்லாவிட்டால் இன்றோடு சரி. எனக்கு அவள் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“நில்லுங்க சார். தண்ணில போனவங்களுக்கு இன்னொரு விதி இருக்கு. தைக்கும்போது என் கண்ணுல பட்டுருக்கு.”

பொய் இல்லை. கரை என்ற சொல்லும், அது இருந்த இடத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததும் நினைவில் இருந்தன. எந்த இடம் என்பதுதான் நினைவில் இல்லை. கிட்டு சார் மணியைப் பார்த்தார். நாலரைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

“காட்டுங்கோ ரஷீதா. டீ வரதுக்குள்ள.”

சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம், ஆத்துக்கு ஒரு போன் பண்ணணும் என்று மாடிப்படிப் பக்கம் போனார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஆள் சாகும் நேரத்தில் இவருக்கு வீட்டு ஞாபகம் என்று எனக்குள் எரிந்தது.

புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். முதலில் மழையும் காற்றும், வரி வரியாக. அங்கே மூழ்குவதைத் தவிரக் குடையின் ஆயுள் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடுத்துப் படகு வாடகை. படகுக்காரனோடு பேரம் பேசுவதற்கு எவ்வளவு பெரிய விதி, கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒரு சொல் இல்லை. நீர்ப்பாம்பு, முதலை, ராட்சத நண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பலவகையைப் பார்த்தேன். மேலும் பலவகையில் கோயில் காணிக்கைக்குக் கீழே ஒரு வரியைத் தாண்டிப் போனபோது நாகராஜ் என் கையைப் பிடித்தான்.

“அக்கா, ருக்கோ ருக்கோ. அது கழுதை விதி.”

உண்மைதான். நான்கு வருஷமாகத் தேடிய கழுதை, சாமி சிலையைச் சுமந்துகொண்டு கோயில் காணிக்கைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. மூட்டைக் கணக்கில் நான் சொன்னதுதான் சரி. வேறொரு நாளாக இருந்தால் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அன்றைக்கு அவன் கையைத் தட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். எண்ணெய் தேடித் திருநெல்வேலி வரைக்கும் போனவன் இருட்டுக்கடை அல்வாவைப் பார்த்தும் வாங்காமல் வந்த மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் புரட்டினேனோ தெரியாது. ஒருமுறை நாகராஜ் வாசல் பக்கம் பார்த்து, டீ என்று வாயெடுத்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். கிட்டு சார் கண்ணாடியின் இரண்டாவது பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தின் கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். அங்கே அச்சகத்தின் முகவரிதான் இருந்தது.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து நாகராஜுக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்காகத்தானே அவள் தண்ணீரில் குதித்தாள். பாத்திரம் எழுத ஒரு புதிய தாளை எடுத்து ஷாலினி முன்னால் வைத்து, நானே எழுதித் தருகிறேன், இந்த முறை இரும்புச் சட்டையே வேண்டாம், வில்வித்தைக்காரி ஆக்கிவிடலாம் என்று ஆசை காட்டினான். பெயர் என்ன போட என்று கேட்டான்.

ஷாலினி அந்தத் தாளைப் பார்த்தாள். அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் குரலில் வந்தது.

“வேற பேர் எழுதாதீங்க. அவ பேர் சண்முகவடிவு. நான் வேற பேர் வைக்க மாட்டேன்.”

எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் கிட்டு சார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. இதை எழுதினவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினான். யாருக்கு எங்கே என்ன ஆனதோ அங்கேயே எழுதினான். அவன் மேஜையிலும் ஒருத்தி தண்ணீரில் போயிருப்பாள். அவனும் கறாராகச் செத்துவிட்டாள் என்றிருப்பான். புதிய தாளை எடுத்து வைத்திருப்பார்கள். பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள். அங்கே அவள், வேறு பெயர் எழுதமாட்டேன் என்று அழுதிருப்பாள். அப்படியானால் அவன் எங்கே எழுதியிருப்பான்? தண்ணீரில் இல்லை, சாவில் இல்லை. நான் படிக்காமல் தாண்டிப்போன ஓர் இடம் இருந்தது, புதிய பாத்திரத்தை உண்டாக்குவது எப்படி என்கிற பகுதி. அதைப் போய் யார் சாவுக்காகப் படிப்பார்கள்.

பெயர் சூட்டுதல் என்ற தலைப்பைக் கண்டுபிடித்தேன். நல்ல பெயர்களுக்கு எடுத்துக்காட்டு, குள்ளர்களுக்கு ஏற்ற பெயர்கள், கடைசியில் அந்த வரிகள். உரக்கவே வாசித்தேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

இறந்த பாத்திரத்தின் பெயரைப் புதிய பாத்திரத்துக்கு வைக்கக் கூடாது. நீரில் போனவர் மட்டும் இதற்கு விலக்கு. உடல் கிடைக்காதவரை அவருக்காகப் புதிய தாள் எழுத வேண்டாம். அவர் வேறொரு கரையில் ஏறியிருக்கிறார். எந்தக் கரை என்பதை நடத்துகிறவர் அடுத்த முறை சொல்லட்டும்.

நாகராஜ் தான் எடுத்து வைத்த புதிய தாளை எட்டாக மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கிட்டு சார் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் வாசித்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுத் தானும் ஒருமுறை வாசித்தார். விதி விதிதான் என்றார். உடல் கிடைக்கவில்லை, அது எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஷாலினி மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள், நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

மூக்கைச் சிந்திய பிறகுதான் தொண்டை வறண்டிருப்பது தெரிந்தது. மணி பார்த்தால் ஐந்தே கால். நாலரை டீ வரவேயில்லை. மாரிசெல்வம் வராததால்தானே பிழைத்தோம் என்று நன்றி சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ கோபம் பழக்கமாகிவிட்டது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறாதவனுக்கு இன்று என்ன கேடு என்று படியிறங்கிப் போனேன்.

மாரிசெல்வம் கடையில் அடுப்பைச் சிறிதாக வைத்து, கெட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் ஆரம்பித்தான்.

“என்னைய ஏசாதீயக்கா. நாலரைக்கெல்லாம் டீ ரெடி. சார்தான் போன் போட்டு, நான் கூப்புடுத வரைக்கும் மேல ஏறாதன்னு சொன்னாவ. முத டீ கசந்து போச்சு, கீழ ஊத்திட்டு மறுபடி போட்டுருக்கேன்.”

ஆத்துக்கு ஒரு போன் பண்ணணும் என்று படிப் பக்கம் போனாரே, அந்த மனுஷர். மேஜையிலிருந்து விழுந்த பகடையை ஒப்புக்கொள்ளாதவர், மச்சினரைப் பாம்புக்குக் கொடுத்தவர். விதியை வாய் திறந்து சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை அவர் மீறவில்லைதான். டீயைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்கு முன்பே தெரியுமா, இல்லை எனக்கு நேரம் மட்டும் வாங்கிக் கொடுத்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கெட்டிலை நானே வாங்கிக்கொண்டு மாடியேறினேன். எப்போதும் வயது பார்க்காமல் யார் கை நீட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் டம்ளர். அன்றைக்குக் கிட்டு சாருக்கு முதலில் ஊற்றினேன், நிறைய ஊற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். காது மட்டும் சிவந்தது.

“டீ இப்பதான் வந்துச்சு சார்.”

“ஆமாம். சரியான நேரம்தான்” என்று சொல்லிவிட்டு ஊதி ஊதிக் குடித்தார்.

வியாழக்கிழமை ஷாலினியை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். அவள் கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு பகடையைப் போட்டிருந்தேன், எந்தப் பகடை என்று கேட்டால் அந்த மூன்றைக் காட்டிய பகடைதான். அங்கேயே கிடந்து வெயிலில் காயட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை மெஷின் எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்தோம். புது ஊர் ஜன்னல் வெளிச்சத்தில் ஷாலினி கொஞ்சம் மெலிந்து தெரிந்தாள். முதல் கேள்வியே, நான் எங்கே இருக்கேன் என்பதுதான். கிட்டு சார் குரலைத் தாழ்த்தி, கண்ணுக்கெட்டிய தூரம் மணல், மேலே வெயில், சுற்றி நிற்கிறவர்கள் பேசுவது ஒன்றும் புரியவில்லை, இரும்புச் சட்டை ஏரியோடு போய்விட்டது, கத்தி மட்டும் இடுப்பில் இருக்கிறது என்றார். அதேதான் சார், அப்படியே இருக்கு என்று ஷாலினி சிரித்தாள்.

ஆட்டம் ஓடியது. நாங்கள் அவளைத் தேடி மலையை விட்டு இறங்கினோம், அவள் எங்களைத் தேடி மணலில் நடந்தாள். இரவுக்குள் மணலுக்கு அப்பால் இருக்கும் கிணறு வரை போய்விட வேண்டும் என்றாள். அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றார் கிட்டு சார். இரும்பு இல்லாமல் நடக்கிறவர்கள் இரட்டிப்பு வேகத்தில் போகலாம், அதற்கு விதி இருக்கிறது என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்படி ஒரு விதி கிடையவே கிடையாது என்று இவர் நின்றார்.

“இருக்கு சார். செருப்பு விலைக்குப் பக்கத்துலயோ எங்கயோ இருக்கு. ரஷீதாக்கா, எனக்காகத் தேடுங்க. டீ வந்துட்டா?”

என் கையில் டீ டம்ளர் இருந்தது, பாதி குடித்திருந்தேன். நாகராஜ் தன்னுடையதை முடித்தே விட்டான். படிக்கட்டில் மாரிசெல்வம் காலிக் கெட்டிலோடு இறங்குகிற சத்தம் கேட்டது.

“இன்னும் வரல” என்று சொல்லி, புத்தகத்தை இழுத்துச் செருப்பு விலையைத் தேடினேன். கிட்டு சார் தன் டம்ளரைப் போனுக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே இறக்கி வைத்தார்.